பதினேழாம் வீட்டின் அபிப்பிராயம்

ஆக்லாந்து விமான நிலையத்தில் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் மேசையின் மேல் அந்த முளைக்குச்சியை எடுத்து வைத்தேன். மரம், மண், விதை எதைக் கொண்டுவந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அதிகாரிக்கு என் மூத்த மகள் வயதிருக்கும். ரப்பர் கையுறை போட்ட விரல்களால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றரை அடி நீளமுள்ள கொய்யாக் குச்சி. ஒரு முனை கூராகச் சீவியிருந்தது. மறுமுனை சம்மட்டி அடி வாங்கி விளிம்பு பிரிந்திருந்தது. நடுவில் சிவப்புப் பெயின்ட்டில் 17 என்று எழுதியிருந்தது. ஏழின் வால் மட்டும் கொஞ்சம் வழிந்திருந்தது. பூச்சி துளைத்திருக்கிறதா என்று விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "இது எதற்கு?" என்று கேட்டாள். நானும் ஏதோ ஒரு பதிலைச் சொன்னேன். மருந்தடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டாள். இப்போது அது எங்கள் சமையலறை ஜன்னல் விளிம்பில் கிடக்கிறது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

குச்சியை மண்ணில் அடித்தவன் நான். அடிக்கச் சொன்னவள் என் மாமி, அம்மாவின் தம்பி மனைவி. ஃபிஜியில் பா நகரத்துக்கு வெளியே, ஆலைக்குக் கரும்பு போடும் முப்பத்தொரு வீடுகள் கொண்டது எங்கள் குடியிருப்பு. அங்கே எல்லோரும் அவளைச் செக்ரட்டரி மாமி என்றார்கள். என் மாமாவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது என்பதே பலருக்கு மறந்து, அவர் செக்ரட்டரி மாமி வீட்டுக்காரர் ஆகிவிட்டார். ரோடு, சாக்கடை, கோயில் கொட்டகை, பள்ளிக்கூட பஸ் என்று எதற்கும் ஒரு கமிட்டி இருந்தது. அதன் தலைவருக்கு வேலை பேசுவது, மாமிக்கு வேலை மற்றதெல்லாம். எட்டாவது வரைதான் படித்தவள். ஆனால் கையெழுத்து கோலம் போட்டமாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் செக்ரட்டரி ஆக்கினார்கள். கையெழுத்துக்குப் பின்னால் ஒரு பிடிவாதமும் இருக்கிறது என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாமி பொறுப்புக்கு வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் அபிப்பிராயம் கேட்பது மிகவும் சுலபமான காரியம். சாயங்காலம் கோயில் கொட்டகையில் பாய் விரித்து, யங்கோனா வேரை இடித்துக் கரைத்த சட்டியை நடுவில் வைப்பார்கள். ஆம்பிளைகள் சுற்றி உட்காருவார்கள். சிரட்டை கை மாறும். இரண்டு சுற்று உள்ளே போனால் நாக்கு மரத்துவிடும், மனசு எல்லோரையும் நல்லவர்களாக நினைக்க ஆரம்பித்துவிடும். தலைவர் எதைச் சொன்னாலும் "ஹாங், ஹாங்" என்பார்கள். எழுந்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவனவன் உண்மையான அபிப்பிராயம் வெளியே வரும், அதுவும் பெண்டாட்டியிடம். மாமி இதை ஒரு வருஷம் பார்த்தாள். அடுத்த வருஷம் கிளிப் வைத்த ஒரு பலகையையும் தாளையும் எடுத்துக்கொண்டு மத்தியான வேளையில் வீடு வீடாக நடக்க ஆரம்பித்தாள்.

ஒவ்வொரு வீட்டிலும் அரை டம்ளர் டீ குடித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பாள். வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் வாயால் சொன்னதை, சொன்னபடியே, தமிழில் எழுதுவாள். இந்தியில் சொன்னாலும் தமிழ் எழுத்தில் எழுதுவாள். முடித்துவிட்டு, தலை நிமிராமல், "அப்பிடியே எழுதிக்கட்டுமா?" என்று ஒரு தடவை கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து பேச்சை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அவள் எதையும் கோடு போட்டு அடித்ததே இல்லை. முதலில் சொன்னதும் இருக்கும், கீழே மாற்றிச் சொன்னதும் இருக்கும்.

பெரிய ரோட்டு வரைக்கும் வந்து நின்றிருந்த குடிதண்ணீர்க் குழாயை எங்கள் குடியிருப்புக்குள் நீட்டும் பேச்சு வந்தபோது, மாமி அந்தப் பலகையை எடுத்த வேகம் வேறு. கிணற்றுத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம். வெயில் காலத்தில் அது அடிக்குப் போய்விடும், வெள்ளம் வந்தால் ஊர் அழுக்கெல்லாம் அதற்குள் போய்விடும். ஒரு புயலுக்குப் பிறகு அந்தத் தண்ணீரால் டைஃபாய்டு வந்து மாமியின் ஒரே மகள் ஆறு வயதில் போய்விட்டாள். மாமி அதைப்பற்றி யாரிடமும் பேசியதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் அடுப்பில் தண்ணீர் காய்கிறதா என்று மட்டும் எட்டிப் பார்ப்பாள். அரசாங்க ஆபீஸிலிருந்து வந்த கடிதத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. இருபது வீடாவது நிலையாக இருந்து குழாயைப் பயன்படுத்தும் என்று குடியிருப்பவர்களின் அபிப்பிராயத்தைத் திரட்டி அனுப்ப வேண்டும். குழாய் பதிக்கும் பள்ளத்தைக் குடியிருப்பவர்களே வெட்டிக்கொடுக்க வேண்டும். குழாய் அவர்கள் செலவு.

அது கலகம் நடந்து அடங்காத காலம். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை எங்கள் ஊரில் ஆங்கிலத்தில் சொல்கிறமாதிரி 'கூ' என்றே சொல்வோம், இரண்டு எழுத்துகூட வேண்டியதில்லை. பாலத்தில் துப்பாக்கியோடு நின்றார்கள். கரும்பை வெட்டுவதா நிறுத்துவதா என்று வீட்டுக்கு வீடு சண்டை. பிறகு ஜனங்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று யாருக்கு எங்கே ஒரு மச்சான் இருந்தானோ அங்கே. ஆனால் கிளம்புகிற நாள்வரை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சொன்னால் கண் பட்டு விசா நின்றுவிடும் என்பார்கள். வேலை போய்விடும் என்று பயம். சொந்த அண்ணனுக்கே தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் மாவு டின்னுக்குள் கிடக்கும். ஒரு நாள் காலையில் வீடு பூட்டியிருக்கும், நாய் மட்டும் வாசலில் உட்கார்ந்திருக்கும். அப்போதுதான் "ஓ, இவனுமா!" என்போம். என் மனைவி மட்டும் முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவாள். மழை விழுந்தும் கொல்லையில் கத்திரி நடாத வீடு கிளம்பப் போகிற வீடு என்பாள்.

மாமி அந்த முப்பத்தொரு வீட்டுக்கும் போனாள். முப்பது வீடு "வேணும்" என்றது. நாலாம் வீட்டு மாமியார், "தண்ணி உள்ள வந்தா எம் மருமவ குளிச்சிக்கினே கெடப்பா, ஆனா வேணும்" என்றாள். ஒருவர் குழாய் தன் வாசல் பக்கமாக வந்தால் வேணும், எதிர் வாசல் பக்கம் போனால் வேண்டாம் என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டாள். கரும்பு லாரி ஓட்டும் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மட்டும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்றார். "லீஸ் முடியப் போவுது. நெலத்துக்காரன் எழுந்திருன்னா எழுந்திருக்கணும். இருக்கற ஆளுங்களும் பொட்டி கட்டறானுங்க. யாருக்கு மாமி தண்ணி? பேய்க்கா?" என்றார். ஊரே அவரைக் கரித்துக்கொட்டியது. கலகக்காரர்களைவிட அவர்தான் எங்களுக்கு எதிரி என்கிறமாதிரி பேசினோம். நானும் பேசினேன்.

எங்கள் வீட்டுக்கு மாமி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. என் மனைவியின் அண்ணன் ஆக்லாந்திலிருந்து எல்லாம் ஏற்பாடு செய்து, விசா ஒட்டிய பாஸ்போர்ட்டுகள் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மூன்றும் மாவு டின்னில் இருந்தன. மாமி அந்த டின்னுக்கு எதிரேதான் பாயில் உட்கார்ந்தாள். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "காச்சின தண்ணி குடிச்சியா?" என்று கேட்டாள். டீ குடித்தாள். பேனாவைத் திறந்தாள். என் மனைவி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நான் "வேணும்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். குற்றமுள்ள மனசுக்குச் சுருக்கமாகப் பேசத் தெரியாது போலிருக்கிறது. "கண்டிப்பா வேணும் மாமி. நாங்க எங்க போவப்போறோம்? எம் பொண்ணு இந்தத் தண்ணியக் குடிச்சித்தான் வளரணும்" என்றேன். மாமி எழுதினாள். எழுதி முடித்து, தலை நிமிராமல், "அப்பிடியே எழுதிக்கட்டுமா?" என்றாள். "எழுதிக்கோ மாமி." பேனாவை மூடவில்லை. கொல்லைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, நான் அறிந்து முதல் தடவையாக, ஒரே வீட்டில் அந்தக் கேள்வியை இரண்டாம் தடவை கேட்டாள். "அப்பிடியே எழுதிக்கட்டுமாப்பா?" நான் சிரித்துக்கொண்டே, "என்னா மாமி, எம்மேல நம்பிக்கை இல்லியா?" என்றேன். அவள் பேனாவை மூடிவிட்டாள்.

இதோடு விட்டதா என்றால் இல்லை. ஆபீஸுக்கு ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். ஆலையின் சாமான் கிடங்கில் நான் குமாஸ்தா. அதனால் எல்லா வீட்டின் அபிப்பிராயத்தையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மாமி படிப்பாள், நான் எழுதுவேன். நாலாம் வீட்டு மருமகளின் குளியலை எப்படி எழுதுவது என்று இருவரும் சிரித்தோம். பதினேழு வந்ததும் அவள் குரலில் எந்த மாற்றமும் இல்லை. "நாங்க எங்க போவப்போறோம்" என்று படித்தாள். நான் என் சொந்தப் பொய்யை நல்ல ஆங்கிலத்தில், எழுத்துப் பிழை இல்லாமல், எழுதினேன்.

முளை அடித்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பெரிய ரோட்டிலிருந்து உள்ளே முப்பத்தொரு செயின் நீளம். கரும்பு வயலில் வேலையை அளப்பது அறுபத்தாறு அடி கொண்ட செயின் கணக்கில்தான், அதனால் வீட்டுக்கு ஒரு செயின் பள்ளம் என்று மாமி பிரித்துவிட்டாள். வீட்டுத் தலைவன் தன் கையால் தன் முளையை அடிக்க வேண்டும் என்பதும் அவள் ஏற்பாடு. வேண்டாம் என்றவருக்கும் ஒரு முளை இருந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். என் முறை வந்தபோது நான் சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கி, தேவைக்குமேல் நாலு அடி அடித்தேன். பக்கத்தில் நின்றவர்கள், "போதும்டா, அடுத்த பக்கம் வந்துடப்போவுது" என்று கிண்டல் செய்தார்கள். மாமியும் சிரித்தாள்.

அடுத்த வாரமே பள்ளம் வெட்ட ஆரம்பித்தார்கள். அந்தப் பள்ளம்தான் எங்கள் எல்லோரையும் காட்டிக்கொடுத்தது. தாளில் முப்பது "வேணும்" வரிசையாக நின்றது. மண்ணில் அப்படி நிற்கவில்லை. இரண்டு செயின் வெட்டியிருக்கும், அடுத்தது புல்லும் முளைக்குச்சியுமாகக் கிடக்கும், பிறகு ஒன்று வெட்டியிருக்கும், அடுத்த மூன்றும் புல். முதுகு வலி என்பார்கள், ஆலையில் ஷிப்ட் என்பார்கள், மழை விடட்டும் என்பார்கள். நானும் மழை விடட்டும் என்றேன். மழையே இல்லை.

நாங்கள் கிளம்பியது விடிந்து வெகுநேரம் கழித்து, நல்ல வெயிலில். விமான நிலையம் இருக்கிற நாந்தி நகரத்துக்கு, துணி எடுக்கப் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தோம். பின்பக்கம் கூண்டு கட்டிய கேரியர் வண்டியில் பெட்டிகளைக் கோணியால் மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டோம். வண்டி அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. ஒன்பதாம் செயினில் மாமி தன் வீட்டுப் பங்கை வெட்டிக்கொண்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் புழுதி மண். புடவையைத் தூக்கிச் செருகி, தலையில் மாமாவின் பழைய தொப்பி. வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்வதுபோல் பாவனை செய்தேன். முப்பத்திரண்டு வயது ஆம்பிளை, இரண்டு கையாலும் செருப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகள் மட்டும் எழுந்து நின்று, "மாமி பாட்டி!" என்று கத்திக் கையாட்டினாள். மாமி மண்வெட்டியை இடது கைக்கு மாற்றிவிட்டு, வலது கையைத் தூக்கி அவளுக்கு ஆட்டினாளாம். மனைவி சொல்லித்தான் தெரியும்.

ஆக்லாந்து வந்து ஐந்து மாதம் கழித்து, தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அட்டையோடு மன்னிப்பு மாதிரி எதையோ எழுதிப் போட்டேன். பதில் வந்தது. அதே கோலக் கையெழுத்து. "குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அனைவரும் நலம். எந்த ஊர் ஆனாலும் குழந்தைக்குக் காய்ச்சிய தண்ணீரே கொடுக்கவும்." அவ்வளவுதான். பதினேழாம் செயினை யார் வெட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் எழுதவில்லை. எப்படியோ முடிந்துவிட்டதே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பதினாலு வருஷம் அந்த நிம்மதியில் ஓடியது. மாமி போய்விட்டாள் என்று மாமா போன் செய்த பிறகுதான், காரியத்துக்கு வருகிறேன் என்று டிக்கெட் எடுத்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் மாமா பேச ஆரம்பித்தார். மாமி இருந்தவரை அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் போன இரண்டு மாதத்தில் வீடுகள் பதினைந்தாகக் குறைந்துவிட்டனவாம். இருபது இல்லாவிட்டால் குழாய் கிடையாது என்று ஆபீஸர் வந்து சொல்லிவிட்டுப் போனாராம். மாமி அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். மறுநாள் யங்கோனா வேரை ஒரு கட்டாகக் கட்டி, மாமாவையும் இழுத்துக்கொண்டு, குடியிருப்புக்கு அப்பால் இருந்த ஃபிஜியர் கிராமத்துக்கு, நாங்கள் கோரோ என்போமே, அங்கே போனாளாம். எதையாவது கேட்கப் போகிறவர்கள் அந்த வேரை முன்னால் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது அவர்கள் முறை. கலகத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத நாட்கள் அவை.

"நான் வாசல்லயே நின்னுட்டேன் மாப்ளே. இவ பாய்ல ஒக்காந்து, ஒங்களுக்கும் கொழாத் தண்ணி வேணுமான்னு கேக்கறா. கிராமத்துப் பெரியவர் வேர வாங்கி ஓரமா வெச்சாரு. அப்பறம், எங்க கொழந்தைங்களுக்கும் வயித்தால போவுதும்மா, எங்கள ஏன் யாரும் கேக்கலேன்னாரு. இவ பலகைய எடுத்தா. அவங்க பாஷைல சொல்லச் சொல்லத் தமிழ்ல எழுதினா. ஒம்போது வீடு. அப்பிடியே எழுதிக்கட்டுமான்னு அவங்களையும் கேட்டா, அவங்க சிரிச்சாங்க" என்றார் மாமா. அந்த ஒன்பது வீட்டையும் சேர்த்ததும் கணக்கு இருபதைத் தாண்டிவிட்டது. விட்டுப்போன செயின்களைக் கிராமத்து வாலிபர்களும், வேண்டாம் என்று சொன்ன அந்த லாரிக்காரரும் சேர்ந்து வெட்டினார்கள். அவர் கடைசிவரை எங்கேயும் போகவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார், என்னிடம் முகம் கொடுத்துப் பேசினார், எனக்குத்தான் முடியவில்லை.

"பதினேழ மட்டும் யாரையும் தொட உடல. அவளே வெட்டினா. நாலு ஞாயித்துக்கெழம. அடில கல்லு. நான் கடப்பாற போட்டேன், மண்ண அவதான் அள்ளினா" என்றபடி மாமா கூரைக்குக் கீழே உத்திரத்தில் கையை விட்டு அந்தக் குச்சியை எடுத்துக் கொடுத்தார். பிறகு எழுந்து, "வா" என்று கூட்டிப்போனார்.

எங்கள் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. லீஸ் முடிந்து நிலம் சொந்தக்காரர்களிடம் போய், தகரமும் மரமும் யார் யார் கைக்கோ போய், யாரோ போட்ட கரும்பு தலைக்குமேல் நின்றது. வாசல் இருந்த இடத்தில் மட்டும் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குச் சுத்தமாக வெட்டி வைத்திருந்தது. மாமி போன பதினாறு நாளில்தான் புல் கொஞ்சம் தலைகாட்டியிருந்தது. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய், அதன் தலையில் பித்தளைத் திருகு.

"வீடே இல்லாத எடத்துக்கு எதுக்குடின்னு நானும் கேட்டேன். ஆபீஸ்காரனும் கேட்டான். பதினேழாம் வீடு வேணும்னு சொல்லியிருக்கு, பேப்பர்ல இருக்குன்னு நின்னா. மாசம் ஒருக்கா வந்து புல்ல வெட்டி, தொறந்து உட்டுட்டுப் போவா. துருப் புடிச்சிடுமாம்" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீ போவப்போறது அவளுக்குத் தெரியும் மாப்ளே. அன்னிக்கி ஒன் வீட்லேருந்து வந்தவொடனே சொன்னா, கொல்லைல கத்திரி இல்லன்னு. ரெண்டு தடவ கேட்டேன், அவன் வாயால வரல, அப்ப நான் என்னா செய்யட்டும்னா."

நான் குழாயைத் திறந்தேன். முதலில் காற்றுச் சத்தம், அப்புறம் பழுப்பாகக் கொஞ்சம், பிறகு தெளிந்து வந்தது. கையேந்திக் குடித்தேன். காய்ச்சாத தண்ணீர், மாமி பார்த்திருந்தால் திட்டியிருப்பாள். அழ வெட்கப்பட்டுக்கொண்டு முகத்தையும் அதிலேயே கழுவிக்கொண்டேன். மாமா வேறு பக்கம் திரும்பிக் கரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஈரம் காயாத கையோடு வந்த மாதிரிதான் மூன்றாம் நாள் ஆக்லாந்தில் அந்த மேசைக்கு முன்னால் நின்றேன். "இது எதற்கு?" என்று அந்தப் பெண் கேட்டபோது, உண்மையைச் சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசை நீளமாக இருந்தது, ஆனால் அவளுக்கு அவசரம் ஒன்றுமில்லை, பதிலுக்காகப் பேனாவோடு காத்திருந்தாள். நான் சிரித்துக்கொண்டே, "தோட்டத்தில் செடிக்கு முட்டுக்கொடுக்க" என்றேன். இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். எங்களுக்குத் தோட்டமே கிடையாது. அவள் தலை நிமிராமல் அதை எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு அவள் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது.

"அப்பிடியே எழுதிக்கட்டுமாப்பா?"